கம்யூனிஸ்ட் பச்சையும் கண்ணாடித் தட்டும்

ஒரு டிசம்பர் காலையில் விழிஞ்ஞம் குடைவரைக் கோயிலைப் பார்க்கப் போயிருந்தேன். எட்டாம் நூற்றாண்டுச் சிறு குகை அது. வாசலின் இருபுறமும் சிற்பி பாதியில் விட்டுப்போன சிவன். பார்த்துவிட்டுத் திரும்பும்போது செம்மண் சரிவில் கால் வழுக்கி, வெட்டுக்கல்லின் விளிம்பு பெருவிரலைக் கிழித்துவிட்டது. மீன் சருவத்தை இறக்கி வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மச்சி எழுந்து வந்தார். வேலியோரத்தில் ஒரு பிடி இலையைப் பறித்தார், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக் கசக்கினார், பச்சைச் சாறு விரல் இடுக்கில் வழிய, காயத்தின் மேல் பிழிந்தார். 'அமுக்கிப் பிடி மக்களே, சோர நிக்கும்' என்றார். சோரை என்றால் ரத்தம். தமிழா மலையாளமா என்று பிரிக்க முடியாத பேச்சு அந்தக் கரையில் உண்டு.

ரத்தம் நின்றது. இலையின் பெயரைக் கேட்டேன். 'கம்யூனிஸ்ட் பச்சை. இதுகூடத் தெரியாதா?' என்றார்.

தாவரவியலில் அதன் பெயர் குரோமோலீனா ஒடோரட்டா. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியிலிருந்து மூன்று நரம்புகள் சூலம் போலப் பிரியும். கசக்கினால் மூக்கில் ஏறும் காட்டமான வாசனை. மழைக்காலம் முடிந்ததும் வெளிறிய ஊதாப் பூக்கள் கொத்துக் கொத்தாய் வரும், பிறகு பஞ்சு கட்டிய விதை காற்றில் பறக்கும். அமெரிக்க வெப்பமண்டலச் செடி. 1840-களில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அலங்காரத்துக்காக வந்து, வேலி தாண்டி, ஒரு நூற்றாண்டுக்குள் கேரளத்துக்கு வந்து சேர்ந்தது. செடியும் கட்சியும் ஒரே காலத்தில், ஒரே வேகத்தில் பரவியதால் இந்தப் பெயர் என்பார்கள். வடக்கே பார்த்தீனியத்துக்குக் 'காங்கிரஸ் புல்' என்று பெயர் உண்டு என்பதால் கணக்கு சமன். மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. மரத்தைத் தழுவியே மூச்சடைக்கும் மைக்கேனியா கொடிக்குக் கேரளத்தார் வைத்த பெயர் திருதராஷ்டிரப் பச்சை. பீமன் என்று நினைத்து இரும்புச் சிலையைக் கட்டி நொறுக்கியவரின் பெயர். களைக்குப் பெயர் வைப்பதில் மலையாளிகளை யாரும் மிஞ்ச முடியாது.

குரோமோலீனா, மைக்கேனியா, உண்ணிச்செடி, ஆகாயத்தாமரை நான்கும் உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிர்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு தொகுத்த பட்டியலில் இருப்பவை. இப்படிப்பட்ட செடிகளின் சாற்றில் புற்றுநோய்க்கும் சர்க்கரைக்கும் கிருமிக்கும் மருந்து இருப்பதாக வாரம் ஒரு செய்தியாவது வருகிறது. கடைசிப் பத்தியில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: இதனால் களையும் ஒழியும், மருந்தும் கிடைக்கும். இது இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற வரி. களையில் மருந்து தேடலாமா என்பது ஒன்று. மருந்துக்காகப் பறித்தால் களை குறையுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான சான்று நான் எதிர்பார்த்ததைவிட வலுவாக இருக்கிறது. இரண்டாவதற்கு அப்படி எதுவும் என் கண்ணில் படவில்லை.

முதல் கேள்வியிலிருந்து தொடங்கலாம். விழிஞ்ஞத்திலிருந்து திருவனந்தபுரம் நகருக்குப் போகும் அரைமணி நேரப் பயணத்துக்குள் இரண்டு ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன: பாப்பனங்கோட்டில் சி.எஸ்.ஐ.ஆரின் தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், தைக்காட்டில் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம். முன்னதில் வேதியியலாளர் ரவிசங்கர் லங்காலபள்ளி, பின்னதில் புற்றுநோய் ஆய்வாளர் ரூபி ஜான் ஆண்டோ, இருவரின் குழுக்களும் சேர்ந்து கம்யூனிஸ்ட் பச்சையை எடுத்துக்கொண்டன. இலையிலிருந்து நான்கு ஃபிளேவனாய்டுகளைத் தனியாகப் பிரித்தார்கள். அவற்றுள் கெம்ப்ஃபெரைடு என்பது கருப்பைவாய்ப் புற்றுச் செல்களைத் தாமாகவே மடியச் செய்வதில் முந்தி நின்றது. எலிகளில் பாதுகாப்பைச் சோதித்தபோது நச்சுக்குறி தென்படவில்லை. 2015-ல் கட்டுரை வெளியானது. வழியோரச் செடிக்கு இது பெரிய மரியாதைதான்.

அதே கூட்டணி அடுத்த ஆண்டு வெளியிட்டது இதைவிடப் பேசப்பட்டது. நம் வீட்டுக் கொல்லையில் தானாக முளைக்கும் மணத்தக்காளிக் கீரையின் இலையிலிருந்து உட்ரோசைடு-பி என்ற சப்போனினைப் பிரித்தார்கள். கல்லீரல் புற்றுச் செல்களின் மேல் அது சோராஃபெனிப் என்ற புழக்கத்திலிருக்கும் மருந்தைவிடச் சுமார் பத்து மடங்கு வீரியம் காட்டியது. சோராஃபெனிபுக்கு 5.8 மைக்ரோமோலார் தேவைப்பட்ட இடத்தில் உட்ரோசைடு-பிக்கு 0.5 போதுமாயிருந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்கு, அரிய நோய்களுக்கான மருந்துக்குத் தரும் 'ஆர்ஃபன் டிரக்' தகுதியைக் கொடுத்தது. மணத்தக்காளி ஆக்கிரமிப்புக் களை இல்லை, வயலில் களையெடுக்கும்போது பிடுங்கி எறியப்படும் செடி மட்டும்தான். ஆனால் கதையின் வடிவம் ஒன்றே: காலடியில் கிடப்பது ஆய்வகத்துக்குப் போனதும் பெயர் பெறுகிறது.

'பத்து மடங்கு' என்றதும் கீரையை மூன்று வேளையும் தின்னத் தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். கண்ணாடித் தட்டில் பரப்பிய செல்லின் மேல் ஒரு மூலக்கூறை நேரடியாக ஊற்றுவது வேறு. வாய்வழி போய், குடலைக் கடந்து, கல்லீரலின் காவலைத் தாண்டி, கட்டியை அடைவது வேறு. தட்டில் வென்றவற்றில் மிகப் பெரும்பான்மை நோயாளியின் கைக்கு வருவதே இல்லை.

அப்படியிருந்தும் களைகளில் தேடுவது வீண் இல்லை என்று சொல்ல ஒரு கணக்கு உண்டு. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் மானுடவியலாளர் ஜான் ஸ்டெப் 2004-ல் போட்டது. நவீன மருந்துகளுக்கு மூலமான 101 தாவர இனங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் எத்தனை களைகள் என்று எண்ணினார். உலகத் தாவரங்களில் களைகளின் விகிதப்படி பார்த்தால் ஒன்பதோ பத்தோ இருக்கவேண்டும். இருந்தவை 36. மெக்சிகோவின் சியாபாஸ் மலைகளில் மாயா மக்களோடு அவர் செய்த களப்பணியிலும் மருந்துச் செடிகளில் பெரும்பகுதி வழியோரத்திலும் கைவிட்ட வயலிலும் இருந்துதான் வந்தது, அடர்காட்டிலிருந்து இல்லை.

காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. நூறு வருடம் நிற்கப்போகும் மரம் பட்டையையும் டானினையும் திரட்டிக் கோட்டை கட்டிக்கொள்ளும். மூன்று மாதத்தில் முளைத்துப் பூத்துச் செத்துப்போகும் பூண்டுக்கு அதற்கு நேரமில்லை. அது சிறு அளவிலேயே கடுமையாக வேலை செய்யும் நஞ்சை வைத்துக்கொள்கிறது. மருந்து என்பதும் சிறு அளவில் கடுமையாக வேலை செய்யும் பொருள்தானே. ஆக்கிரமிப்புக் களைக்கு இன்னொரு கூடுதல் வசதி. அமெரிக்கச் சூழலியலாளர் ரேகன் கால்வேயும் அவர் சகாவும் 2004-ல் முன்வைத்த 'புதிய ஆயுதங்கள்' கருதுகோளின்படி, ஊரிலிருந்த எதிரிகளுக்குப் பழகிப்போன வேதிப்பொருள் புது ஊரின் செடிகளுக்கும் பூச்சிகளுக்கும் புதிது. எல்லாக் களைக்கும் இது பொருந்துவதில்லை என்று பிற்பாடு காட்டப்பட்டது. என்றாலும் எங்கே தோண்டலாம் என்பதற்கு நல்ல குறிப்பு.

வைத்தியர்களும் அம்மச்சிகளும் இந்தக் குறிப்புக்காகக் காத்திருக்கவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் வெட்டுக்காயப் பூண்டு என்று ஒன்றைக் காட்டுவார்கள். கிணற்றடியில் வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாக நிற்கும், அரிவாள் வெட்டுக்குச் சாறு பிழிவார்கள். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. கம்யூனிஸ்ட் பச்சையின் தூரத்து உறவும்கூட. வியட்நாமில் இதே கம்யூனிஸ்ட் பச்சை இலைச்சாற்றிலிருந்து யூபோலின் என்ற களிம்பு செய்து தீக்காயத்துக்கும் ஆறாப் புண்ணுக்கும் மருத்துவமனையிலேயே பயன்படுத்தியிருக்கிறார்கள். விழிஞ்ஞத்துக்கும் வியட்நாமுக்கும் யாரும் கடிதம் போட்டுக்கொள்ளவில்லை. செடி போன இரண்டு இடத்திலும் காயம்பட்ட கைகள் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. இப்படித் தனித்தனியே ஒத்துப்போகும் வழக்கத்துக்கு நான் கொஞ்சம் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

வெளியே பூசும் வரைக்கும்தான் அந்த மதிப்பு. கம்யூனிஸ்ட் பச்சை பூத்திருக்கும் காலத்தில் பக்கத்தில் நின்று பார்த்தால் நீலக்கோடு போட்ட பட்டாம்பூச்சிகள், பெரும்பாலும் ஆண்கள், பூவை விட்டு அகலாமல் மொய்த்திருப்பதைக் காணலாம். தேனுக்காக மட்டும் இல்லை. பூவிலும் வேரிலும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. ஆண்பூச்சி அவற்றை உறிஞ்சித் தன்னைக் கசப்பாக்கிக்கொள்ளும், பெண்ணை அழைக்கும் மணத்தையும் அதிலிருந்தே செய்துகொள்ளும். பட்டாம்பூச்சிக்கு அது காதல் மருந்து. மனிதக் கல்லீரலுக்கோ அந்த வகை ஆல்கலாய்டுகள் மெல்லக் கொல்லும் விஷம். இந்த இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொல்லும் வாட்ஸ்அப் செய்திகளில் பட்டாம்பூச்சி வருவதில்லை.

இந்த விஷயத்தில் உண்ணிச்செடி ஒரு தனிப் பாடம். மலையாளத்தில் கொங்கிணி, தாவரவியலில் லன்டானா. 1800-களின் தொடக்கத்தில் இதுவும் கல்கத்தாப் பூங்கா வழியாகவே வந்தது (அந்தப் பூங்காவுக்குத் தனியாக ஒரு வரலாறு எழுதவேண்டும்). இலையைத் தின்ற மாட்டுக்கு மஞ்சள்காமாலை வரும். வெயிலில் நின்றால் மூக்கும் காதும் வெந்து தோல் உரியும். இலையிலுள்ள லன்டடீன் என்ற டிரைடெர்பீன்கள் கல்லீரலைக் கெடுத்து, பித்தம் வெளியேறாமல் தேங்கி, பச்சையம் சிதைந்த கழிவு ரத்தத்தில் சுற்றி, வெயில்பட்ட தோலை எரிக்கிறது. இமாச்சலத்தின் பாலம்பூரில் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஓ.பி. சர்மா ஆயுள் முழுக்க இந்த நஞ்சைப் படித்தார். கடைசியில் அதே லன்டடீன்களைச் சற்று மாற்றினால் கட்டிகளுக்கு எதிராக வேலை செய்யுமா என்ற தேடலும் கிளம்பியது.

அதே செடியின் வேரைத் தோண்டினால் வேறு கதை. வேரில் ஒலியனாலிக் அமிலம் இருக்கிறது. சீனாவில் கல்லீரல் நோய்க்கு மாத்திரையாகவே விற்கும் பொருள். இலை கல்லீரலைக் கெடுக்க, வேர் கல்லீரலைக் காக்கிறது. ஒலியனாலிக் அமிலத்தை வேதியியலாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் செதுக்கிச் செதுக்கி உருவாக்கிய ஓமாவெலாக்சொலோன், ஃபிரெட்ரைக் அட்டாக்சியா என்ற அரிய நரம்பு நோய்க்கு 2023 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 'உண்ணிச்செடியிலிருந்து நரம்பு நோய்க்கு மருந்து' என்று தலைப்புப் போட்டுவிடலாம். போட்டால் பொய். ஒலியனாலிக் அமிலம் ஆலிவ் இலையிலும் கிராம்பிலும் உண்டு, அதற்காக முதுமலையில் யாரும் கடப்பாரை எடுக்கப்போவதில்லை.

பார்த்தீனியம் 1950-களில் புனேயில் கண்ணில் பட்டது. அமெரிக்க உதவிக் கோதுமையோடு வந்தது என்று பரவலாகச் சொல்கிறார்கள். அதன் பார்த்தெனின் மூலக்கூறில் ஒரு கொக்கி இருக்கிறது. புரதங்களின் கந்தகத்தைக் கண்டால் போய் மாட்டிக்கொள்ளும். தோலின் புரதத்தில் மாட்டினால் விவசாயியின் கழுத்திலும் கண்ணிமையிலும் ஆறாத அரிப்பு. புற்றுச் செல்லின் புரதத்தில் மாட்டினால் செல் சாகிறது. இரண்டும் ஒரே வேலை. அதனால் 'பார்த்தீனியத்தில் புற்றுநோய் எதிர்ப்பு' என்ற கட்டுரையைப் படிக்கும்போதெல்லாம், நல்ல செல்லை விட்டுவைக்குமா என்ற கேள்விதான் முதலில் எழவேண்டும். கொக்கியுள்ள மூலக்கூறே ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. ஐரோப்பாவில் தோல் சோஃபாவில் பூஞ்சை வராமல் இருக்க டைமெத்தில் ஃபுமரேட் பைகளை வைத்து, உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் தோல் வெந்து, 2009-ல் தடை போட்டார்கள். நாலே வருடத்தில், 2013-ல், அதே பொருள் மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் நோய்க்கு அமெரிக்காவில் மாத்திரையாக ஒப்புதல் பெற்றது. அளவும் வழியும் மாறினால் எல்லாம் மாறும்.

கொல்லாமலே வேலை செய்யும் சாறுகளும் உண்டு. எனக்கு அவைமேல்தான் நம்பிக்கை அதிகம். ஃபுளோரிடாவைப் படாத பாடு படுத்தும் பிரேசில் மிளகுமரத்தின் பழச்சாற்றை எமரி பல்கலைக்கழகத்தின் கசாண்ட்ரா குவேவ் குழு 2017-ல் சோதித்தது. பல மருந்துகளுக்கு மசியாத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமிகள் தங்களுக்குள் சைகை பேசிக்கொண்டு ஒரே நேரத்தில் நஞ்சைக் கக்கும். இந்தச் சாறு அந்தப் பேச்சைக் கெடுத்துவிடுகிறது. எலித்தோலில் புண் உண்டாகவில்லை. கிருமி சாகாததால் எதிர்ப்புத்திறன் வளர்த்துக்கொள்ளும் நெருக்குதலும் குறைவு. பிரேசிலின் நாட்டு மருத்துவம் அதைப் புண்ணுக்குத்தான் பயன்படுத்தி வந்தது என்பதையும் குவேவ் மறைக்கவில்லை.

தட்டிலிருந்து மனிதருக்கு வந்தபின்னும் வழுக்கல் இருக்கிறது. அதற்கு நம் ஊரிலேயே ஒரு கதை உண்டு. கீழாநெல்லி நம்முடையது என்று நாம் எல்லோரும் சத்தியம் செய்வோம். தாவரவியலாளர்கள் அதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா என்கிறார்கள். சித்த மருத்துவத்தில் காமாலைக்கு அது கண்கண்ட மருந்து. 1988-ல் சென்னையிலிருந்து எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைட்டிஸ்-பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பெற்ற பாரூக் புளும்பெர்கோடு சேர்ந்து, 'லான்செட்' இதழில் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. வைரஸைச் சுமந்தவர்களுக்கு முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி. மீண்டும் சோதித்தவர்களில் 59 சதவீதத்தினரின் ரத்தத்திலிருந்து வைரஸ் குறி மறைந்திருந்தது. போலி மருந்து எடுத்தவர்களில் அது 4 சதவீதம். உலகமே திரும்பிப் பார்த்தது. பிற நாடுகளில் அதே சோதனையைச் செய்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. பின்னாளில் எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, நம்பிப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்றது. செடி எந்த மண்ணில், எந்த மாதத்தில் பறித்தது என்பதா, நோயாளிகள் வேறா, எண்ணிக்கை சிறிதா, எது காரணமாகவும் இருக்கலாம். மண்ணைப் பொறுத்து மாறும் செடியை மாத்திரை போல அளந்து கொடுப்பதுதான் இந்தத் துறையின் தீராத தலைவலி. மண்ணைப் போலத் தண்ணீரும் செடியை மாற்றும். விழிஞ்ஞத்துக்குப் பக்கத்து வெள்ளாயணிக் காயலில் ஆகாயத்தாமரையை வாரி எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் செடி தண்ணீரிலுள்ள ஈயத்தையும் காட்மியத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்ய அதனால்தான் அதைச் சிபாரிசு செய்கிறார்கள். அதே காரணத்தால் அதன் சாற்றைக் குடிக்கச் சொல்பவரிடமிருந்து நான் இரண்டடி தள்ளி நிற்பேன்.

இந்த வழுக்கல்களையெல்லாம் தாண்டி வென்றது ஒன்று உண்டு என்றால் அது சுடுகாட்டுமல்லி என்கிற நித்தியகல்யாணி. மடகாஸ்கரிலிருந்து வந்து நம் மணல்கரை முழுவதும் தானாக முளைப்பது. மலையாளத்தில் சவம்நாறி. கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் 1958-ல் அதிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தார்கள். தொடர்ந்து வந்த வின்கிறிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப்புற்றுக்கு முதல்வரிசை மருந்து. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்று கணக்குச் சொல்வார்கள். அவ்வளவு இலை வேண்டியிருந்தும் சுடுகாட்டில் மல்லி குறையவில்லை. தேவை வந்ததும் தென்மாவட்டத்து மானாவாரி நிலத்தில் அதைப் பயிராகவே போட்டார்கள். ஆலைக்குச் சீரான சரக்கு வேண்டும். சீரான சரக்கு காட்டிலிருந்து வராது.

இரண்டாவது கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. ஒரு மூலக்கூறு மருந்தானால் மூன்றில் ஒன்று நடக்கும்: ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்வார்கள், வேறு மலிவான மூலம் தேடுவார்கள், அல்லது களையைப் பயிராக்குவார்கள். மூன்றிலும் காட்டுக் களை அப்படியே நிற்கும். 2020-ல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி உண்ணிச்செடி மட்டுமே இந்தியக் காடுகளில் ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவியிருக்கிறது, தமிழ்நாட்டின் பரப்பைவிடக் கூடுதல். மருந்து கேட்பது மில்லிகிராமில். கூடலூரில் பழங்குடிக் கலைஞர்கள் உண்ணிக்குச்சிகளால் ஆள் உயர யானைகளைச் செய்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அழகான வேலை, நாலு பேருக்குக் கூலி. யானைக் கணக்கிலேயே காடு காலியாகாதபோது மாத்திரைக் கணக்கில் எப்படி ஆகும்?

விலை வந்தால் களை பரவவும் செய்யும். மன்னார் வளைகுடாவில் கப்பாஃபைகஸ் கடல்பாசி நடந்துகொண்ட விதம் அப்படி. கராஜீனன் என்ற கூழுக்காகக் கொண்டுவந்த அந்நியப் பாசி, ராமநாதபுரம் கரையில் பெண்களுக்கு நல்ல வருமானம் தந்தது. 2008-ல் குருசடைத் தீவின் பவளப்பாறைகளை அது மூடிக்கொண்டிருப்பதாக 'கரன்ட் சயின்ஸ்' இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது அபாயமா, பிடுங்கினால் போகிற சின்ன விஷயமா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. பாசிக்கு விலை இல்லாதிருந்தால் அந்தச் சண்டை இவ்வளவு நீண்டிருக்காது என்பது என் சந்தேகம்.

திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே மருந்துச்செடிக் கதைகளில் புகழ்பெற்றது பாலோட்டுத் தாவரவியல் தோட்டத்தின் ஜீவனி. 1987-ல் அகத்தியமலைப் பழங்குடியினரான காணிக்காரர்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து டானிக் செய்து, 1995-ல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்ச ரூபாய்க்கும் 2 சதவீத உரிமைத்தொகைக்கும் கொடுத்து, வந்ததில் பாதியைக் காணிகளுக்குப் பகிர்ந்தார்கள். உலகம் பாராட்டியது. ஆனால் அது அந்த மலைக்கே உரிய அரிய செடி, பறிக்கப் பறிக்கக் குறையும் என்ற கவலை கூடவே வந்தது. களையில் அந்தக் கவலை இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். பங்கு கேட்க உரியவர் யார் என்பதுதான் சிக்கல். கம்யூனிஸ்ட் பச்சையின் பூர்வீகம் அமெரிக்காவில். ரத்தம் நிறுத்தக் கண்டுபிடித்த கை விழிஞ்ஞத்தில். இந்த மரபு சார்ந்த அறிவு அங்கிருந்து வரவில்லை, எழுபது எண்பது வருடத்தில் இங்கேயே உண்டானது. நம் பல்லுயிர்ச் சட்டமோ மரபறிவு என்றதும் பழங்காலத்தையே நினைத்துக்கொள்கிறது.

விழிஞ்ஞத்துச் சரக்குத் துறைமுகத்தைப் பிரதமர் 2025 மே 2-ல் திறந்துவைத்தார். சாலைக்காக வெட்டிய சரிவுகளில் முதல் மழைக்கே பச்சை கட்டுகிறது. வெட்டுப்பட்ட மண் கிடைத்தால் போதும், கம்யூனிஸ்ட் பச்சைக்கும் அதன்மேல் படரும் திருதராஷ்டிரருக்கும் வேறெதுவும் வேண்டாம். தென்னைக்குத் தழையுரமாக வெட்டிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளைவிட அவர்கள் அரிவாளுக்குத்தான் செடி கொஞ்சம் பணிகிறது.

என் பெருவிரல் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. இலைச்சாற்றாலா, வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவியதாலா, மறுநாள் போட்டுக்கொண்ட டெட்டனஸ் ஊசி தந்த தைரியத்தாலா, எப்படியும் ஆறியிருக்குமா என்று அந்த அம்மச்சியிடம் சொல்ல முடியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பெருவிரல் வெட்டுப்பட்டிருக்கவில்லை.